நாய்க்குக் கட்டிய கருப்பு நூல்

விழுந்தபோது வலிக்கவில்லை. அதுதான் முதல் பயம்.

கையில் தவிட்டுக் கஞ்சி வாளி. சிமெண்டுப் படியில் தண்ணீர் நின்றது. கழுவி விட்டவளும் நான்தான். கால் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். படியின் விளிம்பு இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் இடித்தது. எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான கஞ்சி என் கால்மேல் வழிந்துகொண்டிருந்தது. கண் பார்த்தது. கால் அறியவில்லை.

கம்பவுண்டர் சேது ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"தூக்காதீக. பலகையில எடுங்க" என்றேன்.

நாய்களை நாங்கள் பலகையில்தான் எடுப்போம். முதுகு ஒடிந்ததை வளைத்துத் தூக்கினால் மிச்சமிருக்கிற நரம்பும் நசுங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நாய் எடுக்கும் பலகையில்தான் என்னையும் எடுத்தார்கள். எனக்கு நீளம் போதவில்லை. கால் இரண்டும் வெளியே தொங்கின.

நான் வேலை பார்த்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் பின்பக்கம் ஆராய்ச்சிக்கு நாய் வளர்க்கும் கொட்டகை. கூண்டு கழுவுவது, கஞ்சி காய்ச்சுவது, நாய்களைப் புரட்டிப் படுக்கவைப்பது என் வேலை. எனக்கு அப்போது ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நாய்களோடு வேலை என்றால் யாரோடும் பேச வேண்டாம் என்றுதான் அந்த வேலைக்கே போனேன்.

டாக்டர் கோயில் பட்டர் வீட்டுப் பிள்ளை. நாயைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் அம்மா கொல்லைப்பக்கம் தண்ணீரும் மாற்று வேட்டியும் வைத்திருப்பாராம். டாக்டர் பார்த்த ஆராய்ச்சி இதுதான். முதுகெலும்புக்குள்ளே விரல் தடிமனில் ஒரு நரம்புக் கயிறு ஓடுகிறது. அதைத் தண்டுவடம் என்கிறார்கள். அடிபட்டால் அது அந்த நிமிஷமே முழுக்கச் சாவதில்லை. அடிக்குப் பிறகு வருகிற வீக்கம்தான் மிச்சத்தையும் கொல்கிறது. அதனால் வீக்கத்தைக் குறைக்க ஒரு ஊசி. முதுகைத் திறந்து நரம்பின் மேலேயே ஐஸ் போல் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஓடவிடுவது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எப்படி என்று பார்க்கத்தான் நாய்கள். நாய்க்கு மயக்கம் கொடுத்து முதுகைத் திறந்து அடியை உண்டாக்குவதும் அவர்கள்தான்; தையல் எல்லா நாய்க்கும் இருக்கும். அந்த அறைக்குள் நான் போனதில்லை. கதவைத் திறந்து வெளியே தந்த பிறகுதான் என் கைக்கு வரும்.

வந்தவுடன் பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி கிடக்கும். தானாக ஒண்ணுக்குப் போகாது. வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து, மெல்ல அழுத்தி, நாங்கள்தான் எடுத்துவிட வேண்டும். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் கைக்குத் தேங்காய் போலத் தட்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. அந்த நேரத்தில் நாய்கள் என்னைப் பார்க்காது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அது ஏன் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

கழுத்தில் தகரம் கட்டினால் கடித்துப் போட்டுவிடும். ஆகையால் நூல். ஊசி மட்டும் போட்டதற்குச் சிவப்பு, குளிர் தண்ணீர் மட்டும் விட்டதற்கு வெள்ளை, இரண்டும் செய்ததற்குக் கருப்பு. ஒன்றும் செய்யாததற்கு நூல் இல்லை. இதை அப்போது யாரும் எனக்கு விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சிவப்பும் வெள்ளையும் அவருடைய ஏதோ அடையாளம் என்று விட்டுவிட்டேன். கருப்பு மட்டும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிழைத்துக்கொள்ளும் ஜீவன், அதற்குக் கண் படாமல் இருக்கக் கருப்புக் கட்டுகிறார், பட்டர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா என்று எண்ணிக்கொண்டேன்.

நூல் இல்லாத நாய்களில் ஒன்று சிட்டு. நான் வைத்த பெயர். ஒன்பதாம் நாள் அதன் பின்னங்கால் லேசாக உதைத்தது. பதினைந்தாம் நாள் எழுந்து நின்றது. பார்க்கிறவர்களெல்லாம், "அட, இது நிக்குதே" என்றார்கள். கண் பட்டுவிடுமே என்று பயந்தேன். ஆணியில் கருப்பு நூல்கண்டு தொங்கியது. ஒரு சாண் அறுத்து அதன் கழுத்தில் கட்டினேன்.

டாக்டர் அப்போது ஊரில் இல்லை. அப்பா இறந்து காரியத்துக்குப் போயிருந்தார். அதே வாரம் உண்மையான கருப்பு நூல் நாய் ஒன்று சீழ் பிடித்துச் செத்தது. அந்தக் கூண்டைக் கழுவி அதில் சிட்டுவை விட்டேன். சேது வந்து எண்ணிப் பார்த்தார். கருப்பு ஐந்து, சரி. நூல் இல்லாததில் ஒன்று குறைவு. செத்தது அதுதான் என்று நோட்டில் எழுதிவிட்டார்.

டாக்டர் திரும்பி வந்து பார்த்தபோது சிட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தார்கள். "இது ரெண்டும் சேர்த்துச் செஞ்ச நாய். பாருங்க எப்படி ஓடுதுன்னு" என்று அதைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு நூலின் கணக்கே புரிந்தது. வாளியோடு அங்கேயே நின்றேன். அத்தனை ஆம்பளைகள், பூட்ஸ் போட்டவர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே ஏழெட்டு மாதம் போய்விட்டது.

இப்போது நான் விழுந்த நாளுக்கு வருகிறேன்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில், சக்கரக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்துக் கால் பெருவிரலில் தொடங்கி மேலே மேலே குத்திக்கொண்டு வந்தார். "குத்துறது தெரியுதா?" இல்லை. இல்லை. இல்லை. தொப்புளுக்குக் கீழே நாலு விரற்கடை வந்ததும் சுருக்கென்றது. அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். அதற்குப் பிறகு நாலு பேருக்கு நடுவே ரப்பர் குழாய் வைத்தார்கள், மூத்திரம் இறங்க. வைத்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுற்றி நின்றவர்கள் தெரிந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நேரம் நான் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நடக்காவிட்டால் போகிறது. கக்கூஸுக்கு நானே போய், நானே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்கள். டாக்டர் அவரிடம் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"எலும்பு ஒண்ணு நொறுங்கியிருக்கு. நரம்பு முழுசா அறுந்துச்சா, நசுங்கியிருக்கான்னு இப்போ சொல்ல முடியாது. நாய்ங்களுக்குச் செஞ்ச ரெண்டு வைத்தியத்தையும் சேர்த்து இவங்களுக்குச் செய்யலாம்னு பார்க்கறேன். நாலைஞ்சு மணி நேரத்துக்குள்ள செஞ்சாதான் உண்டு. மனுஷங்களுக்கு நான் இதுவரைக்கும் செஞ்சதில்ல. அதையும் சொல்லிடறேன்."

"டாக்டரய்யா சொன்னாச் சரிதான்" என்று வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்குள் ஆள் போய்ச் சாக்கில் ஐஸ் கட்டி வந்து இறங்கிவிட்டது. மரத்தூளோடு தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் என்னிடம் குனிந்து, "நீங்க பயப்படாதீங்கம்மா. சிட்டு எப்படி ஓடுதுன்னு நீங்கதான் தினமும் பார்க்கறீங்களே" என்றார்.

வீட்டுக்காரர் பேனாவுக்கு மூடி கழற்றினார்.

"டாக்டரய்யா" என்றேன். "சிட்டு உங்க கருப்பு இல்ல."

"என்னம்மா?"

"நீங்க அதுக்கு நூலே கட்டல. அது நான் கட்டினது. கண்ணு படக்கூடாதுன்னு. உங்க கருப்பு ஒண்ணு அந்த வாரமே செத்துப்போச்சு."

சேதுதான் முதலில் வாயைத் திறந்தார். "அக்கா, வலியில ஒளறாதக்கா."

"எனக்கு வலிக்கல" என்றேன்.

டாக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. "அப்போ, ஒண்ணுமே செய்யாத நாய்தான் எல்லாத்துலயும் நல்லா ஓடினது. அப்படித்தானே?"

தலையாட்டினேன்.

வீட்டுக்காரர் கையிலிருந்த காகிதத்தை டாக்டரே வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "முதுகைத் திறக்க வேண்டாம். ஊசி மட்டும் போடுங்க. பலகைக் கட்டில், ரெண்டு மணிக்கு ஒருக்கப் புரட்டணும்" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போனார். ஐஸ் சாக்கை யாரும் எடுக்கவில்லை. வெகுநேரம் சொட்டியது.

இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதுகைத் திறப்பார்கள் என்ற பயமும் அதில் பாதி இருந்தது.

வீட்டுக்காரர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "முப்பது வருசமா நாலு வார்த்த சேந்தாப்புல நீ பேசிப் பார்த்ததில்லடி. இன்னிக்குத்தானா பேசணும்?" என்றார். அவர் கோபிக்கவில்லை. அழுகிற மாதிரி இருந்தது.

வார்டில் நாற்பது நாளுக்கு மேல் கிடந்தேன். நாள் எல்லாம் ஒன்று போல இருக்கும். மேலே காற்றாடியில் ஒரு இறக்கை வளைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அழுகை வரவில்லை. கால் எப்படிக் கிடந்ததோ மனசும் அப்படியே கிடந்தது. யார் என்ன சொன்னாலும் அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும்.

பார்த்துக்கொள்ள உசிலம்பட்டியிலிருந்து என் நாத்தனார் பாண்டியம்மா வந்தாள். அவள் மகள் சடங்குக்கு நான் கூட்டத்துக்குப் பயந்து பாதியில் திரும்பிவிட்டேன் என்று பதினோரு வருஷம் என்னோடு பேசாதவள். தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன மதினி, சபையில நிக்க வெக்கம்னு ஓடுனியே. இப்ப ஊரே பார்க்கப் படுத்திருக்க."

பக்கத்துக் கட்டில்காரி, "ஏம்மா, முடியாதவகிட்ட இப்படியா பேசுவாக?" என்றாள்.

"நீ உன் வேலயப் பாரு. எங்க வீட்டுச் சண்ட, பதினோரு வருசம் பாக்கி" என்றாள் பாண்டியம்மா. சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து தன் சேலை இரண்டை எடுத்து, சன்னல் கம்பிக்கும் கட்டில் கம்பிக்கும் கட்டி எனக்கு மறைப்புப் போட்டுவிட்டாள். வார்டுக்கே ஒரு மறைப்புத்தட்டிதான் இருந்தது, அது எப்போதும் வேறு யாருக்காவது போயிருக்கும்.

உணர்ச்சி இல்லாத உடம்புக்கு முதல் எதிரி படுக்கைப் புண். ஒரே பக்கம் கிடந்தால் இரத்தம் ஓடாமல் தோல் செத்துவிடும், நமக்குத் தெரியாது. பாண்டியம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைக் கட்டை போலப் புரட்டுவாள். "ஆத்தாடி, எம்புட்டுக் கனம்! நாய்க்கஞ்சிய நீயே குடிச்சியா?" என்பாள். வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ட்யூபைச் சின்ன வளையமாக வெட்டி ஒட்டி, காற்றடித்து, வேட்டித் துணி சுற்றிக் கொண்டுவந்து என் இடுப்புக்கடியில் வைத்தார். தினமும் வந்ததும் ஒன்றும் பேசாமல் அதில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அதன் புண்ணியத்தில் எனக்குப் புண் வரவில்லை.

டாக்டர் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்து என் கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பிடித்து அசைத்தார். "விரல் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல."

"இப்போ?"

"கீழ."

"ஊகிச்சுச் சொல்லாதீங்கம்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ஒரு தப்புக் கணக்கு எனக்குப் போதும்."

அது என்னைச் சுட்டது. இடுப்புக்கு மேலே சுட்டது. "தெரியல" என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவருக்காக நான் ஊகித்துச் சொன்னதில்லை.

மூன்றாம் வாரம் பாண்டியம்மா காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், "மதினி, என்னய ஏன் எத்துற?" என்றாள். நான் எத்தவில்லை. வலது பெருவிரல் தானாக மடங்கி நிமிர்ந்திருக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னார், மறுபடி, மறுபடி. என் பெயர், நாள், எந்த விரல் என்று எழுதிக்கொண்டு போனார். அப்புறம் வலது கால், பிறகு கொஞ்சமாக இடது. ஐந்தாம் வாரம் தோலும் கம்பியும் வைத்த இடுப்புப் பட்டை கட்டி, இரண்டு பக்கமும் பிடித்து நிற்க வைத்தார்கள். பாதத்துக்குத் தரை தெரியவில்லை. பஞ்சு மூட்டை மேல் நிற்கிற மாதிரி. கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தால் கால் போனது.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ரப்பர் குழாய்தான் நினைப்பு.

குழாயைச் சில மணி நேரம் கிளிப் போட்டு மூடி வைத்து, பிறகு திறப்பார்கள். பைக்குப் பழைய பழக்கம் வரவேண்டும் என்பதற்காக. பிறகு ஒரு காலை குழாயை எடுத்துவிட்டு, மறைப்பைச் சுற்றி வைத்து, தட்டு வைத்தார்கள். "போங்க, முயற்சி பண்ணுங்க." வெளியே சிஸ்டர், ஆயா, இரண்டு மாணவர்கள், நோட்டோடு. மத்தியானம் வரை வரவில்லை. வயிறு தேங்காய் ஆனது. குழாயை மறுபடி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை. அன்றும் அப்படியே.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலுக்குப் போற நரம்பு வேற, இதுக்குப் போறது வேறம்மா. சில பேருக்குக் கால் வரும், இது வராது. அப்படியிருந்தா குழாயோடதான் இருக்கணும். வீட்டுல மாத்தக் கத்துத் தருவோம்."

காற்றாடியைப் பார்த்தேன். பிறகு, கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"ஆபரேஷன் செஞ்சிருப்பேன்."

"இதுவும் வந்திருக்குமா?"

"தெரியாதும்மா. வந்திருக்கலாம். நீங்க செத்தும் போயிருக்கலாம். நிஜமாவே தெரியாது. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன். நாயோட பேரு, அடிபட்ட நாளு, எல்லாம் காகிதத்துல." எழுந்தவர் நின்று, "உங்களைத் திட்டணும்னுதான் இருந்தேன். நூலை நம்பினது நான்தானே" என்றார்.

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை, வருத்தமாகவும் இல்லை. உண்மை என்று மட்டும் தெரிந்தது.

சோற்றுத் தூக்கைக் கழுவிக்கொண்டு வந்த பாண்டியம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "டாக்டரு, ஒரு சொல்லு" என்று வழியை மறித்தாள்.

"சொல்லுங்க."

"இவளுக்கு நரம்பு சாகல. வெக்கம். கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியா வீட்டு விருந்துக்குக் கூட்டிப் போனோம். காலைலேருந்து பொழுது சாயிற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்து காய்ச்சல்ல விழுந்தவ இவ. நீங்க சுத்தி நின்னுக்கிட்டு நோட்டுப் போட்டா இவளுக்கு எப்படி வரும்? எனக்கே வராது."

மாணவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

"தெரியல" என்றேன். அது ஊகமில்லை.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தார்கள். தட்டு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்க வைத்து, வெயில் ஏறியதும் பாண்டியம்மா எனக்குப் பட்டையைக் கட்டினாள். அவள் தோளில் ஒரு கை, சுவரில் ஒரு கை. வார்டின் கோடியில் கக்கூஸ். எங்கள் கட்டிலிலிருந்து எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. கால்களைப் பார்த்துக்கொண்டே போனதால் எண்ணத் தோன்றவில்லை. நடுவில் இரண்டு தடவை நின்றேன். கட்டில்களில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இங்க என்ன படமா ஓடுது? திரும்பிப் படுங்கடி எல்லாரும்" என்றாள் பாண்டியம்மா.

வாசலில் அவளும் கூட நுழையப் பார்த்தாள்.

"நீ வெளிய நில்லு" என்றேன்.

"விழுந்து கிழுந்து வச்சேன்னா எங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?"

"வெளிய நில்லு பாண்டியம்மா."

முப்பது வருஷத்தில் நான் அவளிடம் அழுத்திச் சொன்ன முதல் பேச்சு. அவள் கையை எடுத்தாள். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து ஏறவில்லை. இடது கையால் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூன்று தடவை தட்டினேன். ஏறியது.

உள்ளே சன்னல் இல்லை. மேலே ஒரு சின்ன ஓட்டை. யாரும் இல்லை.

"என்ன ஆச்சு? உக்காந்துட்டியா? ஏய் மதினி, வாயத் தொறந்து சொல்லு!" வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மெல்ல உட்கார்ந்தேன். கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, முதல் நாள் போலவேதான். பிறகு ஏதோ சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தேன். அந்தக் கக்கூஸில் குழாயே கிடையாது.